ஊரறிந்த மூக்கு

கோவில்பட்டியில் ராஜமணி வீடு எது என்று கேட்டால், "எந்த ராஜமணி?" என்று திருப்பிக் கேட்பார்கள். தும்மல் ராஜமணி என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபப்பட்டு என்ன செய்ய? நாலு வார்த்தை திட்டலாம் என்று மூச்சை இழுப்பார். திட்டுக்கு முந்தித் தும்மல் வந்து நிற்கும்.

உலகத்தில் எல்லாருக்கும்தான் சளி பிடிக்கிறது. ராஜமணிக்குப் பிடித்தது வேறு தினுசு. பஸ்ஸில் பின்சீட்டுக் குழந்தை இருமினால் முன்சீட்டில் இருந்த அவருக்கு மறுநாள் தொண்டை கரகரக்கும். துஷ்டி வீட்டுக்குப் போனால் துக்கத்தோடு சளியும் வாங்கிக்கொண்டு வருவார். ஐப்பசி மழையில் வந்தால் சரி, ஒப்புக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் மூக்கு ஒழுகினால் அது என்ன நியாயம்?

அதைவிடப் பெரிய அநியாயம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி பத்திரகாளிக்கு ஜென்மத்தில் சளி பிடித்ததில்லை. நாகலாபுரத்துக்காரி. மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றுவாள், ராத்திரி தயிர்ச்சோறு சாப்பிடுவாள், ஈரத்தலையோடு படுப்பாள். ஒரு தும்மல் கிடையாது. ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே உலை. இவருக்கு மட்டும் ஏன்? கேட்டால் பத்திரகாளியிடம் பதில் தயாராக இருக்கும்.

"நான் ஒழுங்கா இருக்கேன், எனக்கு வரலை. நீங்க ஒழுங்கா இல்லை, ஒங்களுக்கு வருது."

"ஒழுங்கா இல்லாம நான் என்னத்தட்டி செஞ்சேன்?"

"அது ஒங்களுக்குல்லா தெரியும்!"

இப்படிச் சொன்னால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்குமா, இருக்காதா?

ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? எண்ணெய் தேய்த்துக் குளிக்காததால்தான் வருகிறது என்றான் ஒருவன். குளிப்பதால்தான் வருகிறது என்றான் அடுத்தவன். மோரை விடச் சொன்னார்கள், விட்டார். மூக்கில் நொச்சி ஆவி பிடித்தார். மஞ்சளைச் சுட்டு முகர்ந்து புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார். அவர் பார்க்கும் தீப்பெட்டித் தொழிலில் பறக்கிற மருந்துத் தூசிதான் காரணம் என்று ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டு, கடம்பூரில் மச்சினன் பலசரக்குக் கடையில் போய் ஆறு மாசம் உட்கார்ந்தார். கடைக்கு வந்த கடம்பூர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் சளியில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தூசியாவது மண்ணாவது என்று திரும்பி வந்துவிட்டார்.

சளியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தும்மலுக்கு ஊர் வைத்திருந்த சட்டத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் ஆகாது. இரட்டையாக விழுந்தால் தோஷமில்லை. எவன் கண்டுபிடித்தானோ, அவன் மட்டும் கையில் கிடைக்க வேண்டும்!

அண்ணன் தங்கப்பழத்தோடு சேர்ந்து அவர் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வடக்கே போகும் லாரியில் பண்டல் ஏற்றுவது ராஜமணியின் பொறுப்பு. தார்ப்பாய் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் சிவனாண்டி சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்புவான். சரியாக அந்த நேரம் பார்த்து ராஜமணி "அச்ச்!" என்பார். சிவனாண்டி இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"ஒத்தையா விழுந்துட்டு அண்ணாச்சி. இன்னொண்ணு போடுங்க, எடுத்துருதேன்."

"ஏலே, நான் என்ன கடையா வச்சிருக்கேன், கேட்டதும் எடுத்துப் போட?"

தும்மல் இருக்கிறதே, அது சரியான வீம்பு பிடித்த சனியன். போ என்றால் வரும். வா என்றால் வராது. லோடு ஏற்றிய ஆட்கள் எல்லாம் சுற்றி நின்று அவர் மூக்கையே பார்ப்பார்கள். அவர் துண்டு நூலைத் திரித்து மூக்கில் விடுவார். கணக்கப்பிள்ளை மூக்குப்பொடி மட்டையை நீட்டுவார். கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வராது. ஒருநாள் எரிச்சலில், "சகுனமாவது மயிராவது, எடுலே வண்டியை" என்று கத்தி அனுப்பிவிட்டார். அந்த லாரி நாக்பூர் தாண்டி மழையில் மாட்டி, பாதி லோடு நமுத்துப் போயிற்று. மழைக்கும் மூக்குக்கும் என்னய்யா சம்பந்தம் என்று அவர் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. அதிலிருந்து லாரி கிளம்பும் நேரம் தங்கப்பழம் அவரை டீ குடிக்க அனுப்பிவிடுவார். சொந்த ஆபீஸில் லோடு கிளம்புவதைத் தெருமுனை டீக்கடையில் நின்று பார்க்கிற முதலாளி ராஜமணி ஒருவர்தான்.

தங்கப்பழத்தின் மகன் பாலகணேஷ் திருநெல்வேலியில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் லீவில் வந்திருந்தான். தும்மிக்கொண்டே கிடந்த சித்தப்பாவைப் பார்க்க வந்தவனிடம் அவர் பொரிந்து தள்ளினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுலே. நான் என்ன பாவம் பண்ணுனேன்? எனக்கு மட்டும் ஏன் வருது, ஒங்க சித்திக்கு ஏன் வரலை?"

பாலகணேஷ் சிரித்தான். "ஓடுற பஸ்ல தொத்தணும்னா வாசல்ல கம்பி வேணும்லா சித்தப்பா? சளி வைரஸும் அப்படித்தான். மூக்குக்குள்ள இருக்குற செல்லு மேல சின்னச் சின்னதா பிடிமானம் உண்டு. ரிசப்டர்னு சொல்லுவோம். அதைப் பிடிச்சித்தான் வைரஸ் உள்ள ஏறும். அது எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்காது. சிலருக்குக் கூட, சிலருக்குக் கொறச்ச. சிலருக்கு வடிவமே கொஞ்சம் மாறியிருக்கும், வைரஸுக்குப் பிடி கிடைக்காது. ஒங்களுக்குக் கம்பி ஜாஸ்தின்னு நெனைக்கேன். இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இதுல ஒங்க தப்பு ஒண்ணும் இல்லை. பொறவியிலேயே வாரது."

ராஜமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு ஒண்ணும் இல்லை! இந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தன் திருநெல்வேலி வரை போய்ப் படித்துவிட்டு வர வேண்டியிருக்கிறதே!

"அப்ப எனக்குக் கம்பி இல்லைங்கியாலே?" என்று பத்திரகாளி சண்டைக்கு வந்தாள். "நான் சுத்தபத்தமா இருக்கேன், அது ஒனக்குக் கணக்கில்லை?"

"சுத்தமாத்தான் இருக்கீங்க சித்தி. ஆனா ஒங்களுக்கு வரலைங்கிறதுக்காக ஒங்க கையில கிருமி ஒட்டாதுன்னு இல்லை. சித்தப்பா கைக்குட்டையைத் தொட்டா சோப்புப் போட்டுக் கழுவிருங்க. இவியளுக்கு வந்த அதே கிருமி உடனே இவியளுக்குத் திரும்ப வராது. சுத்தி இருக்குறவங்களுக்குத்தான் போகும்."

"என் கையில கிருமியா? ஏலே, இந்தக் கையாலதான் ஒனக்குச் சோறு ஊட்டுனேன்" என்றாள் பத்திரகாளி. கை கழுவுகிற பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த நேரம் உள்ளறையிலிருந்து மகள் விஜி தும்மினாள். பாலகணேஷ் அந்தப் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கும் அப்பா மூக்கு வந்திருக்கலாம்" என்றான். பத்திரகாளி எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இதை இங்கனயே விட்டுரு. கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை" என்றாள். ராஜமணியும் அதற்கு மட்டும் தலையை ஆட்டினார்.

விஜிக்குச் சளி பிடிப்பதை வீடு அப்படித்தான் மறைத்து வைத்திருந்தது. தும்மினால் மிளகாய் வறுத்த நெடி என்பாள் பத்திரகாளி. மூக்கு உறிஞ்சினால் தலைக்குக் குளித்தாள் என்பாள். தகப்பனுக்கு விழுந்த பெயர் பிள்ளைக்கும் விழுந்தால், போகிற வீட்டில் கறந்த பால் திரிந்தால்கூட இவள் தும்மல்தான் காரணம் என்பார்கள். ராஜமணிக்கு ராத்திரி தூக்கம் போவதெல்லாம் அந்தப் பயத்தில்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஓட்டப்பிடாரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை மணிகண்டபிரபு நல்ல பையன். அவன் தாயார் சொர்ணத்தாய்தான் சகுனத்தில் கெட்டி. பெண் பார்க்க வருகிற வழியில் பூனை குறுக்கே ஓடியது என்று காரைத் திருப்பிக்கொண்டு போய், மறுவாரம் வந்த அம்மாள். அந்த மறுவாரம் ராஜமணியை அடுத்த வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். மருமகனாகப் போகிறவனை அவர் ஜன்னல் கம்பி வழியாகத்தான் முதலில் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். எது போனாலும் கல்யாணத்தன்று மகள் கையைப் பிடித்துத் தாரை வார்க்கிறது நான்தான், அதை எவனும் பிடுங்க முடியாது என்று ஒரே பிடியாக இருந்தார்.

பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைந்தால் என்ன ஆகும்? கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலும் சளியுமாகப் படுத்தார். தங்கப்பழம் வந்து கட்டில் பக்கத்தில் நிற்காமல் வாசற்படியில் நின்றே பேசினார்.

"ராஜமணி, நான் சொல்லுததைக் கோவப்படாமக் கேளு. தாரை வார்க்குறதை நானும் ஒங்க மதினியும் பாத்துக்கிடுதோம். நீ பந்தியைக் கவனிச்சிக்கோ."

"நான் பெத்த பிள்ளைக்கு நீங்க தாரை வார்ப்பீங்களோ? நான் இருக்கையிலேயேவா? அதுக்குள்ள எனக்குச் சரியாயிரும் அண்ணாச்சி!"

"ஆனாலும் ஒம் மூக்கை நம்ப முடியுமாலே? மணவடையில ஒத்தையா ஒண்ணைப் போட்டுட்டேன்னு வையி, அந்தம்மா மகனைக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சிருவா. பிள்ளை கதி என்ன?"

"ஒங்க மகன்தானே சொன்னான், இதுல என் தப்பு ஒண்ணும் இல்லைன்னு! மூக்குல கம்பி..."

"கம்பியோ கதவோ, தும்முதது நீதானே?"

ராஜமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று அவர் விட்ட கண்ணீரையும் வீட்டில் சளிக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அவரை மாடி அறையில் ஒதுக்கி வைத்தார்கள். கீழே கல்யாண வீடு நிறைந்தது. பத்திரகாளிதான் மேலே ரசம் கொண்டுபோவாள், அவர் மூக்குத் துடைத்த கைக்குட்டைகளை அள்ளிக்கொண்டு வருவாள். அவளுக்குத்தான் ஒன்றும் செய்யாதே! கைக்குட்டையை வாளியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களை நேரே வரவேற்கப் போய்விடுவாள். வரவேற்பு என்றால் பத்திரகாளி வரவேற்புத்தான். இரண்டு கன்னத்தையும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள். பந்தக்கால் நட வந்தவர்களையெல்லாம் அப்படி வழித்தாள். தங்கப்பழத்தை, மதினியை, பட்டுக் கொண்டுவந்த மாப்பிள்ளையை, "என் ராசாத்தி மதினி" என்று சொர்ணத்தாயை, கடைசியில் பூ வைத்து உட்கார்ந்திருந்த விஜியை. ஒரு கன்னம் பாக்கியில்லை.

கல்யாணத்தன்று விடியும்போது ராஜமணி எழுந்தார். மூக்கு வழியாக மூச்சு உள்ளே போனது, தடையில்லாமல் வெளியே வந்தது. பிச்சிப்பூ வாசம் தெரிந்தது. குளித்து வேட்டி கட்டி மண்டபத்துக்குப் போனால், அங்கே வாசலில் சந்தனம் கொடுக்கிறவன் தும்முகிறான். முன்வரிசையில் மதினி முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ராஜமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று பந்திக்குப் போய் இலை எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது என்று சமையல்காரனைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார்.

மேலே மணவடையில் தங்கப்பழம் தாரை வார்க்க உட்கார்ந்தார். ஐயர் சங்கல்பம் சொல்லச் சொன்னார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். தும்மல். மறுபடி திறந்தார். மறுபடியும் தும்மல். செம்புத் தண்ணீர் தளும்பி ஐயர் மடியில் கொட்டியது. சொர்ணத்தாய் சிவந்த மூக்கோடு எழுந்து நின்றாள்.

"என்ன கூத்து இது? பெத்தவரு எங்க? தகப்பன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில பெரியப்பா எதுக்கு ஒக்காருதாரு?"

பத்திரகாளி பந்திக்கு ஓடி வந்தாள். அவள் ஓடி அவர் பார்த்ததில்லை.

"இந்தாருங்க, வாங்க மணவடைக்கு! ஒங்க அண்ணாச்சியால முடியலை!"

"எதுக்கு? ஏட்டி, நான் வந்தா தும்முவேன்லா? நான் ராசி கெட்டவன்லா? நான் ஒழுங்கா இல்லாதவன்லா? பந்தி பாக்கச் சொன்னாங்க, பாக்கேன். போட்டி!"

"இப்ப சண்டை போடுத நேரமா? பிள்ளை ஒங்களத்தான் தேடுதா."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அண்ணன் எழுந்த பலகையில் உட்கார்ந்தார். சங்கல்பத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். விஜியின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்து, பத்திரகாளி தண்ணீர் ஊற்ற, தாரை வார்த்தார். பிள்ளையின் கை சுட்டது. நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்து, உதட்டைக் கடித்து, எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள். அது என்ன என்று அவருக்கா தெரியாது?

மணிகண்டபிரபு தாலியைக் கையில் எடுத்தான். ஐயர் மேளக்காரரைப் பார்த்து விரலை உயர்த்தினார். கெட்டிமேளம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி மண்டபம் முழுக்கச் சத்தமே இல்லை. அந்த நொடியில்தான் விஜி தும்மினாள். ஒற்றைத் தும்மல்.

மாப்பிள்ளை கை அந்தரத்தில் நின்றது. சொர்ணத்தாய் திரும்பினாள். மண்டபமே திரும்பியது. இத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறதே, எல்லார் கண்ணும் பெண்ணைப் பார்க்கவில்லை, பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ராஜமணியின் மூக்கைத்தான் பார்த்தது.

நான் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. வாழ்க்கையில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், உண்மையாகவே நான் இல்லை! பக்கத்தில் விஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்!" என்று ராஜமணி போட்ட சத்தம் பந்தி வரை கேட்டது. "ஊரறிஞ்ச மூக்கு. என்ன செய்யச் சொல்லுதீங்க? இருங்க, இன்னொண்ணு வருது. ரெட்டையாக்கிருதேன்."

துண்டு நூலைத் திரித்து மூக்கில் விட்டார். வரவில்லை. இன்னும் உள்ளே விட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கூப்பிடாமலே ஆயுசு முழுக்க வந்த கழுதை, பிள்ளைக்காகக் கூப்பிடும்போது வரமாட்டேன் என்கிறது! சொர்ணத்தாய் வாயைத் திறக்கப் போனாள். ராஜமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மூக்கைக் கேட்காமல், வாயாலேயே போட்டார்.

"அச்ச்ச்ச்சு!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டிரைவர் சிவனாண்டி துள்ளி எழுந்தான். "ரெட்டை விழுந்துட்டு! தோஷமில்லை! அடிங்க அண்ணாச்சி மேளத்தை!"

கெட்டிமேளம் முழங்கியது. மேளச் சத்தத்துக்குள் விஜி இன்னும் நாலைந்து தும்மினாள், யாருக்கும் கேட்கவில்லை. தாலி ஏறியது.

சொர்ணத்தாய் அட்சதை போட்டுவிட்டு அவர் பக்கம் வந்தாள். "என்ன அண்ணாச்சி, ஒங்க மூக்கு இப்படி இருக்கு? நல்லவேளை, பிள்ளைக்கு இது வரலை" என்றாள்.

"ஆமா மதினி, நல்லவேளை" என்றார் ராஜமணி.

பத்திரகாளி அவர் பக்கத்திலேயே நின்றாள். முதல் தும்மல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், இரண்டாவது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். ஒழுங்கு, சுத்தம், ராசி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

இப்போது ஓட்டப்பிடாரத்திலும் அவருக்குத் தும்மல் ராஜமணி என்றே பெயர். சொந்த மகளுக்குத் தாலி கட்டும்போதே தும்மியவர் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் காதுபடவே சொல்கிறார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவருக்குக் கோபம் வருவதில்லை.

அன்றைக்கு மணமக்கள் காலில் விழுந்தபோது, விபூதி பூசுகிற சாக்கில் குனிந்து, துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்றை மகள் கைக்குள் வைத்து மூடினார்.

"மூக்கைத் துடைட்டி" என்றார்.